என் தலையில் அடித்த சத்தியம்

என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் அண்ணனுக்கு, தேர்தல் வந்தால்தான் சலவைச் சட்டை. அந்த முறை திருத்தங்கலில் எங்கள் தெருவுக்குப் பணம் பட்டுவாடா செய்யும் பொறுப்பு அவரிடம் வந்ததில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். வேட்பாளர் ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளி. முந்தின வருஷம் அவர் கம்பெனியில் மருந்து அறை வெடித்துத்தான் அப்பா இறந்தார். அன்றைக்கு அப்பா வேலைக்கே வரவில்லை என்று கம்பெனி சாதித்துவிட்டது. அம்மாவுக்கும் அதே கம்பெனியில்தான் சரம் பின்னும் வேலை.

"ஒங்களை வரலைன்னு சொன்னவருக்கு எங்கையால ஓட்டு விழாது" என்று அப்பா படத்துக்கு முன்னால் நின்று அவள் சொன்னதை நான் கேட்டிருந்தேன்.

ஓட்டுக்கு முந்தின நாள் மாமா வந்தார். வாசலில் கம்பெனி ஆட்கள் இருவர் நின்றார்கள். மாமா நீட்டிய பணக் கவரை அம்மா தொடவில்லை.

"எனக்கு வேணாம்ணே."

"தெருவே வாங்கிருச்சுத்தா. நீ மட்டும் வாங்காட்டி எதிர்க்கட்சின்னு நெனைப்பாக. நாளைக்கு கம்பெனி கேட்டுலயே நிப்பாட்டிருவாக" என்றார் மாமா, குரலைத் தணித்து.

அம்மா வாங்கிக்கொண்டாள். அதோடு விட்டார்களா? பணம் வாங்கியவர்கள் கற்பூரத்தின் முன் சத்தியம் செய்ய வேண்டும். எங்கள் பக்கம் ரசீது என்றால் அதுதான். வெற்றிலையில் கற்பூரம் எரிந்தது. அம்மா கை நீட்டவில்லை. வாசலில் ஒருவர் செருமினார். மாமா சட்டென்று என்னை இழுத்து முன்னால் நிறுத்தி, அம்மாவின் கையை எடுத்து என் தலையில் வைத்தார். முதலாளிக்கே ஓட்டு என்று அம்மா சத்தியம் செய்தாள்.

பொய்ச் சத்தியம் செய்தால் யார் தலையில் அடித்தார்களோ அவர்கள் பிழைக்க மாட்டார்கள் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் ஓட்டுப் போடும் வரிசையில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "பணம் குடுத்தவகளுக்கே போடும்மா" என்று அழுதேன். வரிசையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள். விரலில் மையோடு வெளியே வந்தாள்.

"ஒனக்கு ஒண்ணும் ஆகாது தாயி, வா."

முதலாளி ஜெயித்தார். தெரு முழுக்க அவர் கம்பெனிச் சரவெடி. அம்மா பின்னிய சரமும் அதில் இருந்திருக்கும். உயிர் தப்பிய சந்தோஷத்தில் நான் குதித்துக் குதித்து வேடிக்கை பார்த்தேன். வீட்டுக்குள் வந்தபோது அப்பா படத்தை அம்மா சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தாள். வெடிப்புகை படியாமல் இருக்கத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.