அனுபோக பாத்தியமும் அண்ணன் போட்ட பாவும்

அனுபோக பாத்தியம் என்ற சொல்லைச் சட்டப் புத்தகத்தில் முன்பே படித்திருந்தேன். பிறர் நிலத்தை ஒருவன் இருபது வருஷம் வெளிப்படையாக, தடையில்லாமல், தன் உரிமை என்றே பயன்படுத்திவந்தால், அந்தப் பயன் அவனுக்குப் பாத்தியமாகும். அதன் முழுப் பொருள் எனக்கு விளங்கியது விகிர்தி வருஷத்துத் தை மாதம், ஆங்கிலக் கணக்கில் 1891 பிறந்த பிறகு, ஆரணியில் என் அண்ணன் தொடுத்த வழக்கில்தான்.

அண்ணன் பட்டு நெய்பவர். தறியில் ஏற்றுமுன் பாவு இழைகளை நீளமாக இழுத்துக் கட்டிச் சிக்கெடுக்க வேண்டும். எங்கள் கொல்லை அதற்குப் போதாது. அப்பா காலத்திலிருந்தே பக்கத்து வீட்டாரின் காலி மனையையும் சேர்த்துத்தான் பாவு போட்டுவந்தோம். ஒவ்வொரு தடவையும் முளைக்குச்சிகளைக் கையில் பிடித்தபடி அண்ணன் கேட்பார்:

"பாவு போட்டுக்கட்டுங்களா, மாமா?"

"வேணான்னா சுருட்டி மடியில வச்சிகினு பூடுவியா? போடுடா!" என்பார் மனைக்காரப் பெரியவர்.

அவர் காலமானதும் மனை மருமகன் கைக்கு வந்தது. அவர் நடுவே சுவர் எழுப்பக் கடைக்கால் தோண்டினார். அந்த இடம் போனால் எங்கள் தறி நின்றுவிடும். அண்ணன் முன்சீப் கோர்ட்டுக்குப் போனார்.

கூண்டில் நின்ற அண்ணனை எதிர்த்தரப்பு வக்கீல் சாதாரணமாகத்தான் கேட்டார்: "பாவு போட உள்ள போறப்போ மனைக்காரரைக் கேட்டுகினு போவீங்களா?"

அண்ணன் முகம் மலர்ந்தது. "கேக்காம எப்படிங்க? ஒரு நாளும் கேக்காம கால் வெச்சதில்லீங்க. எங்க அப்பாவும் அப்படித்தானுங்க."

எங்கள் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். கேட்டுப் போனவன் அனுமதியில் போனவன். அனுமதி எத்தனை வருஷம் நீண்டாலும் பாத்தியமாகாது. வழக்கு தள்ளுபடியாயிற்று.

வீடு திரும்பும் வழியில் அண்ணனுக்கு இதை விளக்கினேன்.

"அப்போ, கேக்காம நுழைஞ்சிருந்தா நம்மளுதா?"

"ஆமாண்ணா."

"மாமாவையாடா கேக்காம?" என்றார். மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, சந்தைக்குப் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க அழுதார்.

மாசியில் சுவர் எழுந்தது. முள்ளிப்பட்டில் அண்ணியின் தம்பி வீட்டை ஒட்டி நீண்ட வெளி இருந்ததால், குடும்பத்தோடு அங்கே போவதென்று முடிவாயிற்று. பங்குனியில் தறியைப் பிரித்தோம். அண்ணன் கால்விட்டு உட்கார்ந்து நெய்த குழியில் நான் மண்ணைக் கொட்ட, அவரே மிதித்துச் சமமாக்கினார். அண்ணி அதன்மேல் சாணம் மெழுகினார். அது காய்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.