பரீட்சை வைக்காத வாத்தியார்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, ஓய்வுபெற்ற ஆசிரியர்களாகிய நம் வாட்ஸ்அப் குழுவில், துரைசாமி சார் மாரடைப்பில் காலமான செய்தி வந்தது. உடனே கும்பிடும் கைகள் வரிசைகட்டின. அல்சைமர் நோய் கண்ட மனைவி கமலத்தை அவர் எட்டு வருடம் தனியாளாகப் பார்த்துக்கொண்டபோது, போத்தனூர் வீட்டை ஒருமுறைகூட எட்டிப்பார்க்காத கைகள் அவற்றில் பாதி.

எட்டிப்பார்த்தவர்கள் மட்டும் என்ன கிழித்துவிட்டோம்? உட்காருவதற்குள், "ஏனுங்க, என்னைத் தெரியுதுங்களா? பேர் சொல்லுங்க பாக்கலாம்" என்று அந்த அம்மாவிடம் ஆரம்பித்துவிடுவோம். நானும் கேட்டேன். பாவம், சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு மிரண்டார். சார் என்னைத் தனியே கூப்பிட்டார். "முப்பது வருஷம் புள்ளைங்களுக்குப் பரீட்சை வெச்சது பத்தலீங்களா டீச்சர்? வந்ததும் உங்க பேரை நீங்களே சொல்லிப்போடுங்க." எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கமலத்துக்கு ஓர் அண்ணன், தாராபுரத்துப் பெரிய மனிதர். டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லி ஏதோ லேகியத்தோடு வந்தார். "குணமே ஆகலியே, அப்புறம் மாத்திரை எதுக்குங்க?"

"குணமாகாதுங்க மச்சான். முத்தறது கொஞ்சம் மெதுவா முத்தட்டும்னுதான் கொடுக்கறேன். நீங்க ரெண்டு நாள் இருந்து தங்கச்சிக்குச் சோறு ஊட்டிப் பாருங்க" என்றார் சார். மச்சான் காபிகூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார்.

அதே மச்சான்தான் சாவு வீட்டில் சட்டம் பேசினார். கமலம் கூட்டத்தைப் பார்த்து, "அவரு எங்கீங்க?" என்றார். "செத்துப்போயிட்டாரு அம்மணி, அழு" என்றார் அண்ணன். அந்த அம்மா கதறினார். சற்று நேரத்தில் மறந்துவிட்டு மறுபடி கேட்டார். மறுபடி சொன்னார்கள். அப்போதுதான் கேள்விப்பட்டவராக மறுபடி கதறினார். மூன்று தடவை! இதில் தாலியைக் கழற்றி வாங்கும் சடங்கு அவருக்குத் தெரிந்தே நடக்க வேண்டுமாம். சீ, இதுகளெல்லாம் சொந்தமாம் சொந்தம்.

நான்காவது தடவை கேட்டபோது நான் முந்திக்கொண்டேன். "நான் சுசீலா டீச்சருங்க. சார் அன்னூர் வரைக்கும் போயிருக்காருங்க." முகம் தெளிந்தது.

"சாப்பிட்டுப் போனாருங்களா?"

"சாப்பிட்டாருங்க."

தாலியில் யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அண்ணன் முறைத்தார், முறைக்கட்டும். வீட்டோடு ஒரு அம்மாவை வேலைக்கு வைத்திருக்கிறோம். பகலில் நான் போகிறேன். சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வேலைதான். தினமும் கேட்கிறார், தினமும் சொல்கிறேன்.

துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் தெருவிலேயே அழுது முடித்துவிட்டு உள்ளே வாருங்கள். இந்த வீட்டில் யாரும் சாகவில்லை.