தேங்காய் திருவி எடுத்த தீர்மானம்

சமறிக்குச் செயலாளராக இருப்பது சம்பளமில்லாத உத்தியோகம். ஏச்சு மட்டும் ஒழுங்காகக் கிடைக்கும். சமறி என்றால் கலியாணமாகாத கிளாக்கர்மார் சேர்ந்து, ஒரு சமையற்காரரையும் வைத்துக்கொண்டு குடியிருக்கும் வாடகை வீடு. வெள்ளைக்காரன் காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் அப்படி ஒன்றில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம்; செயலாளர் நான். நாலு பேரோடு சேர்ந்து ஒரு முடிவு எடுத்துப் பார்த்தவர்களுக்கு என் பாடு விளங்கும்.

குளியலறையில் சீனியோரிட்டி

குளியலறை ஒன்று, கோட்டைக்கு வேலைக்குப் போக எங்களுக்குத் தோதான ரயிலும் ஒன்று. யார் முதலில் குளிப்பது? வேலை செய்கிற கந்தோர்ப் பழக்கம் விடுமா, சேவைக் காலத்தின்படி என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். எங்களில் மூத்தவர் பொன்னம்பலம் அண்ணை. தெரிந்த தேவாரம் எல்லாம் பாடி முடிக்காமல் அவர் வெளியே வரமாட்டார்.

அந்தக் கிழமை மூன்று நாள் மற்ற நாலு பேரும் ரயிலைத் தவறவிட்டோம். நாலாம் நாள் பொறுக்கமாட்டாமல் கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து பதில் வந்தது: "தீர்மானத்தை எழுதினது நீர்தானே? ஆருக்கும் ஆட்சேபனை இல்லை எண்டும் எழுதியிருக்கிறீர்."

சம்பல் ஃபைல்

தேங்காய்ச் சம்பலுக்கு மாசிக்கருவாடு போடுவதா வேண்டாமா என்பது அடுத்த வழக்கு. நேரில் கதைத்தால் சண்டை வருகிறது என்று நான் ஒரு ஃபைல் திறந்தேன். ஆளுக்கு ஒரு குறிப்பு எழுதி, 'தங்கள் மேலான கருத்துக்கு' என்று அடுத்த அறைக்கு அனுப்ப வேண்டும். எங்களில் இளையவனான தியாகுவின் மேசையில் அது ஒன்பது நாள் கிடந்தது. ஒன்பது நாளும் சம்பல் இல்லை.

பத்தாம் நாள் சமையற்காரர் செல்லையா அண்ணை என்னிடம் வந்தார். "அந்தக் கடதாசியைத் தாருங்கோ ஐயா, மிளகாயோடை சேர்த்து அரைச்சுத் தாறன்."

வெள்ளிக்கிழமை மீன்

பிறகு, வெள்ளிக்கிழமையும் மீன் வேண்டும் என்று தியாகு கிளம்பினான். கூடாது என்றார் பொன்னம்பலம் அண்ணை. சனிக்கிழமை கை தூக்கிப் பார்த்ததில் மீனுக்கு மூன்று, எதிராக இரண்டு. தீர்மானத்தை அழகான கையெழுத்தில் எழுதி அடுப்படிக் கதவில் ஒட்டினேன்.

மறுநாள் காலை செல்லையா அண்ணை ட்ரங்குப் பெட்டியோடு வாசலில் நின்றார். தெஹிவளையில் வேறொரு சமறி அவரைக் கூப்பிட்டிருந்ததாம். எங்களில் ஒருவனுக்கும் வெந்நீர்கூட வைக்கத் தெரியாது. அவர் போனால் வீடே கலைந்துவிடும். அதிலும் நான், கடைச்சோறு ஒத்துக்கொள்ளாமல் பொரளை ஆஸ்பத்திரியில் படுத்து எழும்பினவன். ஏன் போகிறீர்கள் என்று கேட்டேன். "நான் வெள்ளி விரதம், ஐயா. அஞ்சு பேரையும் கேட்டியள். அடுப்படியிலை நிக்கிறவனை ஆரும் கேக்கேல்லை."

திருவலைக் கூட்டம்

வெட்கமாகத்தான் இருந்தது. மன்னிப்புக் கேட்டு, அப்போதே அடுப்படியில் மறு கூட்டம் கூட்டினேன். இந்த முறை நிபந்தனை போட்டவர் செல்லையா அண்ணை. கதைக்கிறவர் திருவலைப் பலகையில் குந்தி, தேங்காய் திருவிக்கொண்டே கதைக்க வேண்டும். அவர் எழும்பும்வரை மற்றவர்கள் வாய் திறக்கக்கூடாது. பொன்னம்பலம் அண்ணையின் வழக்கமான ஒரு மணி நேரப் பிரசங்கம் அரை மூடித் தேங்காயோடு முடிந்தது.

அடுத்து தியாகு திருவலையில் குந்தினான். நாலு இழுப்பு இழுத்ததும் உண்மை வந்துவிட்டது. மீனில் அவனுக்கு ஒரு பிடிவாதமும் இல்லை. வெள்ளிக்கு வெள்ளி பூசணிக்காய் தின்னத்தான் முடியவில்லை. ஏன் மீன் கேட்கிறாய் என்று அதுவரை நாங்கள் ஒருவரும் அவனைக் கேட்கவில்லை. "அப்ப கத்தரிக்காய் வைக்கிறன்" என்றார் செல்லையா அண்ணை. ட்ரங்குப் பெட்டி உள்ளே போனது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நான் மினிட்ஸ் புத்தகத்தை மூடப்போனேன். செல்லையா அண்ணை தட்டிலிருந்த தேங்காய்ப்பூவை எட்டிப் பார்த்தார். "பொன்னம்பலம் ஐயாவை இன்னும் கொஞ்சம் கதைக்கச் சொல்லுங்கோ. சொதிக்குப் பால் காணாது."

அதன்பிறகு எங்கள் வீட்டில் கருத்து வேற்றுமை குறைந்தது என்று சொல்லமாட்டேன். சொதி மட்டும் நன்றாகத் தடித்தது.