அவரைப் பந்தலில் கும்பிடுபூச்சி

காய்ந்த அவரைக்கொடி எரியும் புகை எங்கே வந்தாலும் என் கால்கள் நின்றுவிடும். பச்சையும் கருகலும் கலந்த அந்த வாசம் என்னைக் கொல்லிமலைக்கு ஏற்றிவிடும். அறுபதுகளின் தொடக்கத்தில், வாழவந்தி நாட்டில் நான் டீச்சராக இருந்த நாட்களுக்கு.

குடியிருந்த வீட்டின் பின்னால் வீட்டுக்காரம்மாவின் அவரைப் பந்தல். அதில் ஒரு கும்பிடுபூச்சி. இலையோடு இலையாக, காற்று அசைத்தால் தானும் அசைந்து, கைகூப்பியபடி. அண்ணன் கொடுத்த பெட்டிக் கேமராவோடு அதன் முன்னே தவம் கிடந்தேன்.

சேலத்தில் கழுவி வந்த படங்களில் பூச்சி வெறும் மங்கல். தள்ளி நின்றால்தான் அந்தக் கேமராவுக்குக் கண் தெரியும். நானோ மூக்கு இடிக்கப் போய் நின்றிருக்கிறேன். பின்னால் காய் பறித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா மட்டும் பளிச்சென்று.

"ஏனுங்க டீச்சரம்மா, பூச்சி எங்கீங்க? என்ற மூஞ்சிதானுங்க இருக்குது!"

"அடுத்த தடவை சரியா எடுத்துடறேங்க."

"அதுக்குள்ள அது புருசனத் தின்னு முடிச்சிருச்சுங்க. கும்புட்டுக்கிட்டே தின்னுது, கள்ளி!"

பிறகு அது பந்தல் கம்பில் நுரை தள்ளி முட்டையிட்டது. நுரை இறுகி மண்கட்டி போல ஒட்டிக்கொண்டது; தாயைக் காணோம். குஞ்சுகள் இறங்கும் காலையையாவது பிடித்துவிட வேண்டும். பிலிம் சுருளில் ஒரே ஒரு படத்தை மிச்சம் வைத்தேன். பூதக்கண்ணாடி ஒன்றைக் கேமராவின் முகத்தில் நூலால் கட்டினேன். காத்திருந்தேன், காத்திருக்கத் தெரியாத நான்.

குஞ்சுகளுக்கு முந்திக்கொண்டு மாற்றல் உத்தரவு வந்தது. அதே வாரம் பந்தலும் பிரிந்தது. அவரை ஓய்ந்ததும் கொடியையும் கம்பையும் கொளுத்திச் சாம்பலைக் கொல்லையில் தூவுவது அந்த வீட்டு வழக்கம். புகையைக் கண்டு அலறிக்கொண்டு ஓடினேன்.

"கத்தாதீங்க சாமி," என்று புகைக்குள்ளிருந்து வந்தார் அந்த அம்மா. "அந்தக் கம்ப உருவி வேலியில நட்டுட்டனுங்க. கும்புட்டவ புள்ளைகள நெருப்புல போடுவனுங்களா?"

கிளம்பும் காலையில், என் பெட்டியைச் சுமந்தவர் மலைப்பாதையில் இறங்கத் தொடங்கிவிட்டார். நான் வேலியோரம் நின்றேன். நுரைக்கூடு திறக்கவில்லை. கேமரா உறையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

"இன்னிக்குப் பொறந்துடாதுங்களா?"

அந்த அம்மா என் கைப்பையை எடுத்து என் தோளில் மாட்டினார்.

"வெயிலேறுது, எறங்குங்க கண்ணு. போட்டா எடுக்காட்டியும் அதுங்க பொறக்குமுங்க."