துண்டு போட்டுப் படித்த பாடம்

எனக்கு அந்த ஆள்மேல் பொறாமை. முகத்தைக்கூடப் பார்த்ததில்லை, ஆனாலும் பொறாமைதான்.

கடலூரில் கட்டட வரைபட சாப்ட்வேர் சொல்லித்தருவது என் பிழைப்பு. பதினைந்து வருஷ சர்வீஸ். என் மனைவிக்குச் சிதம்பரத்தில் ஓர் இன்ஜினியர் ஆபீசில் தற்காலிக வேலை கிடைத்தது. மூன்று மாதத்துக்குள் தனியாக ஒரு வீட்டுப் பிளான் போட்டுக் காட்டினால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் கிளம்பவேண்டியதுதான். “நான் இருக்கேன், உனக்கென்ன கவலை” என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமைகளில் உட்காரவைத்தேன். என் நோட்ஸில் இருப்பதை வரிசையாக நடத்தினேன். மூன்றாவது ஞாயிறு அவளுக்குத் துவைக்கத் துணி நிறைய இருந்தது.

அதற்கப்புறம் ஆரம்பித்தது, “எங்க ஆபீஸ் அண்ணன் சொன்னாரு” என்கிற பேச்சு. அங்கே படம் வரைகிறவராம். லேயர் என்றால் கல்யாணப் பந்தியாம். சோறு ஒருத்தர், சாம்பார் ஒருத்தர், ரசம் ஒருத்தர் எடுத்துவருவதுபோல் சுவர், கதவு, கரண்ட் லைன் எல்லாம் தனித்தனிக் கையில் இருக்குமாம்.

“சரி, எக்ஸ்ரெஃப்னா இன்னா சொன்னாரு உங்க அண்ணன்?” என்று மடக்கினேன். வேறு பைலில் இருக்கும் படத்தை இந்தப் படத்துக்குள் காட்டும் வசதி அது. என்னிடம் படிக்கிற பிள்ளைகளுக்கே அது புரிய ஒரு வாரம் பிடிக்கும்.

“பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு எடம் புடிக்கிறோம்ல, அதாங்க. துண்டுதான் உள்ள இருக்கு, ஆளு கீழ நிக்கிறாரு. அவர ஏத்தாம வண்டிய எடுத்தா வெறும் துண்டுதான் ஊருக்குப் போவும்.”

எனக்கு வயிறு எரிந்தது. இது எனக்கு ஏன் தோன்றவில்லை? தினமும் கடலூர் பஸ் ஸ்டாண்டில் அவளுக்குத் துண்டு போடுகிறவனே நான்தானே. “இதெல்லாம் ஒரு பாடமா” என்றேன். “எனக்குப் புரிஞ்சிதே” என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மூன்றாம் மாதம் சிதம்பரம் பக்கம் கிள்ளை ஊரில் ஒரு வீட்டுக்கு அவளே பிளான் போட்டாள். காட்டவேண்டியது திங்கட்கிழமை. பிளான் இருந்த பென்டிரைவை ஞாயிற்றுக்கிழமை நான் அவளிடமிருந்து வாங்கி, கோட்டுக் கனம், எழுத்து அளவு என்று அங்கங்கே கைவைத்தேன். கெட்டிக்காரத்தனம் சும்மா இருக்குமா? பழையதை எல்லாம் அழித்துவிட்டு நான் திருத்திய வீட்டுப் பைலை மட்டும் போட்டுக்கொடுத்தேன். அவள் எக்ஸ்ரெஃபாகச் சேர்த்திருந்த மனை அளவுப் படம் தனிப் பைல், அதையும் சேர்த்து அழித்திருக்கிறேன்.

இன்ஜினியரின் லேப்டாப்பில், வீடு கட்டப்போகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, திறந்தால் வீடு மட்டும் நிற்கிறது. மனையைக் காணோம். அது இருக்கவேண்டிய இடத்தில் பைல் பெயர் மட்டும் ஒரு வரி.

இதெல்லாம் சாயங்காலம் அவள் வந்து சொல்லித்தான் தெரியும்.

“வேல போச்சா?”

“இல்லீங்க. ஆளு ஏறலன்னு பாத்ததுமே தெரிஞ்சிபோச்சி. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல மனைப் படம் இருந்திச்சி, எடுத்து சேத்துட்டேன். அடுத்த மாசத்துலேர்ந்து நிரந்தரம்னு இன்ஜினியர் சொல்லிட்டாரு.” நான் அழித்ததைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை சொல்லவில்லையாம்.

“உங்க அண்ணன் கூட இருந்தாரா?”

“அவரு இன்னிக்கி லீவு.”

“அப்ப எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல? இத்தன நாளா எதுவுமே என்கிட்ட கேக்க மாட்டேங்கிற.”

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கோபமே இல்லாமல்தான் சொன்னாள்.

“தெரியலன்னு சொன்னா அவரு சிரிப்பாருங்க. நீங்க பெருமூச்சு விடுவீங்க.”

வேலை நிரந்தரமானதற்கு ஸ்வீட் வாங்கிவருகிறேன் என்று கிளம்பினேன். கடை வரைக்கும், அந்த ஆள் எப்படிச் சிரிப்பான் என்றே யோசித்துக்கொண்டு போனேன்.