ஜெகதளா என்று சரியாகச் சொன்ன குரல்

அன்வர் பாய் எடுக்க வேண்டிய போனில்தான் அவர் இறந்த செய்தியும் வந்தது. போன செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் தேயிலை ஃபேக்டரி அலுவலகத்தில் அவருடைய மேசை போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. பாயை இன்னும் காணோமே என்று முனகிக்கொண்டே போய் எடுத்தேன். அவருடைய மைத்துனர் பேசினார். "மச்சான் விடியக்காலையில மவுத்தாயிட்டாருங்க. தூக்கத்துலயே." நான் "சரிங்க" என்று மட்டும் சொன்னேன். வைத்த கையோடு மறுபடியும் அடித்தது. ஜெகதளாவிலிருந்து ஒரு அம்மா, இலை வண்டி எங்கே வருகிறது என்று கேட்டார். வண்டிக்காரரின் நம்பரைத் தேடத் தொடங்கினேன்.

இதைப் படிக்கிற, எங்கள் ஃபேக்டரிக்கு இலை தருகிற உங்களில் பலர் அவரைப் பார்த்ததில்லை, குரலைத்தான் கேட்டிருப்பீர்கள். பறித்த இலையைச் சாக்கில் கட்டி ரோட்டோரம் வைத்துக்கொண்டு, சூடேறிக் கெட்டுப்போகுமோ என்று பதறிப் போன் போட்டவர்கள்தானே நீங்கள் எல்லோரும். "பாலத்தடி தாண்டிருச்சுங்க, பத்து நிமிஷம்" என்பார். அவருக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. வண்டிக்காரர்கள் சொல்வதைக் கணினியில் தட்டி வைப்பார். யாராவது கேட்டால், கணினி அதைத் தமிழில் அவர் காதுக்குள் வாசிக்கும். அந்தக் குரல்தான் அவர் வேலை.

அந்தக் குரலை ஒரு நாள் நான் தொலைத்துவிட்டேன். அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை, எனக்கு அவசரக் குணமும் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு ஆடி மாத மத்தியானம், பாய் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில், அவரைக் கேட்காமலே அவர் கணினியில் எல்லாவற்றையும் அப்டேட் செய்தேன். இடம் மிச்சமாகட்டும் என்று பழைய கோப்புகளையும் வழக்கம்போலத் துடைத்துவிட்டேன். திரும்பி வந்தவர் இயர்போனை மாட்டினார், உடனே கழற்றி என் பக்கம் நீட்டினார்.

"ஏனுங்க அம்மணி, இந்தப் புதுசா வந்தவங்களுக்குத் தமிழ் தெரியாதுங்களா?"

வாங்கிக் கேட்டேன். புதிதாக வந்தது தன் சொந்த வேகத்தில் ஆங்கிலத்தை ஒழுங்காக வாசித்தது. தமிழில் மட்டும் ஒவ்வொரு எழுத்தாகப் பிய்த்து, பாதியை விழுங்கியது. ஜெகதளா எந்த ஊர் என்றே தெரியவில்லை. மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டு, இது சரியாகும்வரை பாய் லீவில் இருக்கட்டும், நாளையிலிருந்து வேறு ஆளைப் போனில் போடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு ஆள் உட்கார்ந்துவிட்டால் அந்த நாற்காலி திரும்பக் கிடைக்காது. அது பாய்க்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பாய் என்னைத் திட்டவில்லை. கறுப்புத் திரையைத் திறந்தார். படமும் பொத்தானும் இல்லாத, வெறும் எழுத்தாலான அந்த இடத்தில் என்னைவிட அவருக்குத்தான் நடமாட்டம் அதிகம். எந்தெந்த வெர்ஷன் கிடைக்கிறது என்று கேட்டு ஒரு கட்டளை தட்டினார். புதியது ஒன்றுதான் பட்டியலில் வந்தது. குரல் மென்பொருளின் பெயரை எழுதி, சமக்குறி போட்டு, நினைவிலிருந்த பழைய எண்ணைச் சேர்த்தார். அப்படி ஒன்று இல்லை என்றது. இறக்கி வைத்த பழைய கோப்பு கணினிக்குள்ளேயே கிடக்குமே என்று தேடினார். அதைத்தான் நான் துடைத்திருந்தேனே. சொல்லும்போது அழுதுவிட்டேன்.

அவர் யோசித்துவிட்டு, எடை போடும் அறைக் கணினியையும் துடைத்துவிட்டேனா என்று கேட்டார். இலை எடையை உரக்கச் சொல்வதற்காக அங்கேயும் அதே குரலைப் போட்டிருந்தோம். தூசிக்குப் பயந்து நான் அந்தப் பக்கமே போவதில்லை.

வெளியே வந்தால் மூடுபனி. நீட்டிய என் கையே எனக்குத் தெரியவில்லை. ஃபேக்டரியும் மரங்களும் ரோடும் எங்கோ போய்விட்டன, வாடும் இலையின் வாசனை மட்டும் நின்றது. நான் தடுமாறினேன். "என் தோளைப் பிடிச்சுக்கோங்க. பனி வந்தா எல்லாரும் என்னைய மாதிரிதானுங்க" என்று சொல்லி முன்னால் நடந்தார். எத்தனை அடி நடந்தோம் என்று தெரியாது. தரையில் கால் படுகிறதா என்றே சந்தேகமாக இருந்தது. இப்போதும் அந்த நடை அடிக்கடி கனவில் வருகிறது. கனவில் நாங்கள் அந்த அறைக்குப் போய்ச் சேருவதே இல்லை.

நிஜத்தில் போய்ச் சேர்ந்தோம். பழைய கோப்பு அங்கே பத்திரமாக இருந்தது. பென்டிரைவில் ஏற்றி, மறுபடியும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அவரே ஒரு வரி தட்டிப் பழையதை நிறுவினார். இனி எந்த அப்டேட்டும் அதைத் தொடாதபடி இன்னொரு வரியில் ஹோல்ட் போட்டார். பிறகு ஏதோ இரண்டு பொத்தான்களைத் தட்டிவிட்டு, நானும் கேட்பதற்காக ஸ்பீக்கரில் விட்டார். "ஜெகதளா" என்றது குரல், நிதானமாக, ஒரு எழுத்துக்கூடச் சிதறாமல். எனக்கு உயிர் வந்தது. "புதுசு வரட்டுங்க அம்மணி. பழசு எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் தொடுங்க" என்றார். அவ்வளவுதான் கண்டிப்பு. மறுநாளும் அவர்தான் போன் எடுத்தார்.

நேற்று அவர் மேசையை ஒழித்துத் தரச் சொன்னார்கள். புதிதாக வருபவருக்குப் பார்வை உண்டு, குரல் தேவையில்லை. அப்டேட் கட்டளை தட்டினேன். ஒன்றை மட்டும் தொடவில்லை என்று அந்தக் குரலின் பெயரைக் காட்டியது. ஒருமுறை கேட்கலாமே என்று அவருடைய இயர்போனை மாட்டினேன். படபடவென்று தகரத்தில் மழை கொட்டியது போல ஒரு சத்தம். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. ஐயோ, மறுபடியும் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் பதறினேன். பிறகு அமைப்பைத் திறந்து பார்த்தேன். எதுவும் கெடவில்லை, வேகம்தான் உச்சத்தில் இருந்தது. உங்களைக் காக்க வைக்கக் கூடாதென்று, இத்தனை வருடமும் அவர் அந்த வேகத்தில்தான் கேட்டிருக்கிறார்.

அந்தப் பென்டிரைவ் என் கைப்பையில் இருக்கிறது, உள்ளே அந்த ஒரே கோப்பு. ஹோல்டை நான் எடுக்கவில்லை. வேகத்தையும் குறைக்கவில்லை. அந்த இரண்டு பொத்தான்கள் எதற்கு என்று நேற்றுத்தான் எனக்குப் புரிந்தது. அவர் குரலைத் தொலைத்தவள் நான். அன்றைக்கு எனக்காகத்தான் அதை அவ்வளவு மெதுவாகப் பேச வைத்திருக்கிறார்.