ஓர் அங்குலம் பெரிய டேப்லெட்

திருவேற்காட்டில் ஷேர் வேன் ஏறி, வானகரத்தில் மாறி, அம்பத்தூர் எஸ்டேட் போய்ச் சேர எனக்கு ஐம்பது நிமிடம் ஆகிறது. வேனில் பதினாறு பேர் இருந்தால் பதினைந்து பேர் மடியில் ஏதோ ஒரு கண்ணாடி ஒளிர்ந்துகொண்டிருக்கும். என் மடியில் நோட்டு. எங்கள் ஊரான நாகர்கோவிலில், பேருந்தில் ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தால் பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்ப்பார். எழுத்துப்பிழை இருந்தால் சொல்லவும் செய்வார். இங்கே நோட்டு என்றாலே வசூல் என்று அர்த்தம். போன ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை, கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய ஒருவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கி, "இன்னா சார், சீட்டுக் கம்பெனியா?" என்று கேட்டார். "இல்லை, காலிபரேஷன்" என்றேன். அவர் முகத்தில் இரக்கம் வந்துவிட்டது. "என் மச்சானுக்கும் அதான் எடுக்கச் சொல்லிக்கீறாங்க. வெறும் வயித்துலதானே போவணும்?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வானகரம் வந்துவிட்டது.

ஊரில் இதை வாசிப்பவர்களுக்கும் என் தொழிலை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் என்னை "மெட்ராஸில் மெக்கானிக்" என்றே அறிமுகம் செய்கிறீர்கள். தொழிற்சாலைகளில் அழுத்தமானிகள், தராசுகள், வெப்பமானிகள் இருக்கின்றன. நாளாக நாளாக அவை கொஞ்சம் கொஞ்சமாகப் பொய் சொல்லத் தொடங்கும். நம்பகமான ஒரு கருவியை, அதை மாஸ்டர் என்போம், பக்கத்தில் வைத்து, இரண்டும் காட்டுவதை ஒப்பிட்டு, வித்தியாசத்தை எழுதி, ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வருவது என் வேலை. ஸ்டிக்கரில் இரண்டு தேதிகள் இருக்கும்: சோதித்த தேதி, அடுத்துச் சோதிக்க வேண்டிய தேதி. தேதிகளோடு பிழைப்பு நடத்துகிறவன் என்பதாலோ என்னவோ, எனக்குத் தேதி விஷயத்தில் கொஞ்சம் கிறுக்கு உண்டு. நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் இடது மூலையில் ஆங்கிலத் தேதியும் கிழமையும் நேரமும் எழுதுவேன். வலது மூலையில் கொல்லம் ஆண்டு. நம் பக்கத்துப் பழைய பத்திரங்களில் எல்லாம் இருப்பது அந்த ஆண்டுதான். ஆவணி ஒன்றாம் தேதி பிறக்கும். அம்பத்தூரில் அதற்கு எந்தப் பயனும் இல்லை. அதனாலேயே எழுதினேன்.

ஊரைவிட்டு வந்த நாளிலிருந்து என் குடும்ப வாழ்க்கை ஒரு பயண அட்டவணையைப் பிடித்துக்கொண்டு நின்றது. மனைவி ஸ்டெல்லாவுக்கு நாகர்கோவிலில் ஆசிரியை வேலை. மகள் அங்கேயே படிக்கிறாள். எங்கள் நிறுவனத்துக்குத் தெற்கே சில வாடிக்கையாளர்கள் உண்டு: மதுரை, தூத்துக்குடி, நாகர்கோவில். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆறு நாள் பயணம். அதில் இரண்டு மாலை நான் என் வீட்டில் சாப்பிடுவேன். அந்தப் பயணம் என்னுடையது என்று யாரும் எழுதித் தரவில்லை. வேறு யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். ஜனவரியில் எங்கள் மேலாளர் கல்பனா மேடம் ஒரு விதி கொண்டுவந்தார். ஜூன் முதல் வெளியூர் வேலைக்குப் போகிறவர்கள் டேப்லெட் வைத்திருக்க வேண்டும், அளவுகளைத் தொழிற்சாலையிலேயே நின்று பதிவு செய்ய வேண்டும், டேப்லெட்டை அவரவரே வாங்கிக்கொள்ள வேண்டும். நான் யோசிக்கிறேன் என்றேன். தேவராஜ் மறுநாளே வாங்கிவிட்டான்.

தேவராஜ் கள்ளிக்குப்பத்துக்காரன், என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். பாயிலர் வெப்பத்திலும் சிரிக்கக்கூடியவன். அந்தச் சிரிப்பை இரண்டு வருடம் எனக்கும் பிடித்திருந்தது. உள்ளூர் வேலைகளுக்கு நாங்கள் இருவராகத்தான் போவோம். நான் அளந்து நோட்டில் எழுதுவேன். திரும்பும்போது வேனில் அவன் என் நோட்டை மடியில் விரித்து வைத்து டேப்லெட்டில் தட்டிக்கொண்டே வருவான். ஜூன் மாதத் தெற்குப் பயணத்துக்கு அவனைத்தான் அனுப்பினார்கள். அங்கிருந்து எனக்கு ஒரு படம் அனுப்பினான்: கன்னியாகுமரிக் கடல், அதன் நடுவே கறுப்புக் கண்ணாடியோடு அவன். கூடவே குரல் செய்தி. "நாரோயில் அண்ணாத்தே, உங்கூரு மீன் கொழம்பு சோக்கா கீது. உங்க ஊட்டுப் பக்கந்தான் லாட்ஜு. அண்ணி ஸ்கூட்டில போனாங்க, கையாட்டினேன், கண்டுக்கவே இல்ல!" அவன் என் போனில் அவள் படத்தைப் பார்த்திருக்கிறான். ஸ்டெல்லா அவனைப் பார்த்ததே இல்லை, பிறகு எப்படிக் கண்டுகொள்வாள்? அந்தச் செய்தியை நான் பதினோரு முறை கேட்டேன். கேட்ட நேரங்களைக் குறித்தும் வைத்திருக்கிறேன்.

அந்த வாரக் கடைசியில் பூந்தமல்லியில் ஒரு கடைக்குப் போனேன். விற்பனைப் பெண், "படம் பாக்கவா சார், பசங்க படிக்கவா?" என்று கேட்டாள். "வேலைக்கும் பயணத்துக்கும்" என்றேன். "அப்டின்னா படம் பாக்கத்தான்" என்று தீர்மானமாகச் சொல்லி, பெரிய திரை வைத்த ஒன்றை எடுத்து நீட்டினாள். என்னைப் போலத் தெற்கிலிருந்து வந்து இங்கே அலைகிற வேலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் நான் குறித்துக்கொண்டதைச் சொல்கிறேன். செல்போன் திரையில் நாற்பது வரி அட்டவணையைப் பார்ப்பது கண்ணுக்குத் தண்டனை. லேப்டாப்பை பாயிலர் பக்கத்தில் நின்றபடி திறக்க முடியாது. டேப்லெட் ஒரு கையில் அடங்கும். ரயிலில் மேல் படுக்கையில் மல்லாந்து கிடந்து புத்தகம் வாசிக்கலாம், பையில் இரண்டு தடித்த புத்தகங்களின் கனம் குறையும். ஆனால் நல்ல வெயிலில் திரை குருடாகிவிடும். எண்ணெய் பட்ட விரலுக்குக் கீழ்ப்படியாது. கீழே விழுந்தால் நோட்டு அழுக்காகும், டேப்லெட் உடையும். ஆதரவும் எதிர்ப்பும் சரிசமமாக நின்றன. தராசின் ஒரு தட்டை அழுத்தியது வேறொன்று: தேவராஜ் அந்த ரயிலில் ஏறக் கூடாது. ஸ்டெல்லாவிடம் போனில் சொன்னேன். "வேலைக்கு வேணும்னா வாங்குங்க. வாசிக்கதுக்குன்னாலும் வாங்குங்க. அவன்மேல உள்ள கோவத்துக்கு வாங்காண்டாம்" என்றாள். வாங்காமல் வந்துவிட்டேன். மூன்று மாதம் அப்படியே போனது.

செப்டம்பரில் தேவராஜ் தன் மகள் காதுகுத்துக்கு இரண்டு நாள் விடுப்புப் போட்டான். கல்பனா மேடம் என்னைக் காட்டி அவனிடம், "உன் டேப்பை சேவியர் சார்ட்ட குடுத்துட்டுப் போ, தேவா. ஓட்டிப் பாத்துட்டு வாங்குறதா வேணாமான்னு முடிவு பண்ணட்டும்" என்றார். அவன் யோசிக்கவே இல்லை. "அழுத்தி ஒடச்சிடாதீங்க அண்ணாத்தே, கண்ணாடி கீது" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தான். எனக்கு அதைத் திறக்கக்கூடத் தெரியாது என்று நினைத்திருப்பான். செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து, பழகுவதற்காகப் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். நானும் அவனும் சேர்ந்து செய்த வேலைகள் எல்லாம் இருந்தன. சோதித்தவர் என்ற கட்டத்தில் எல்லாவற்றிலும் ஒரே பெயர். என் பெயர் இல்லை. அவன் மட்டும் ஏன் அத்தனை வேலை செய்கிறவனாகக் கணக்கில் வந்தான், அவனுக்கு ஏன் தெற்கு கிடைத்தது என்பது அந்த ஒரு கட்டத்தில் இருந்தது. சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது. அப்போதுதான் அடுத்த கட்டத்தைப் பார்த்தேன்.

அது மாஸ்டர் கருவியின் எண்ணை எழுதும் கட்டம். எந்த நம்பகமான கருவியை வைத்து ஒப்பிட்டோம் என்பது அதில்தான் இருக்க வேண்டும். அது தவறினால் சான்றிதழே செல்லாது. ஒவ்வொரு பதிவிலும் அதில் 1200 என்று இருந்தது. அழுத்தமானி, தராசு, வெப்பமானி, எதுவானாலும் 1200. எங்கள் அலமாரியில் அப்படி ஒரு கருவி கிடையாது. ஆகஸ்ட் பதினாறு சனிக்கிழமை வரை 1200. பதினெட்டு திங்கட்கிழமை முதல் 1201. நடுவில் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆவணி பிறந்திருந்தது. என் நோட்டின் வலது மூலையில் இருந்த கொல்லம் ஆண்டை, என்னவென்றே கேட்காமல், கருவி எண் என்று நினைத்து எட்டு மாதம் ஏற்றியிருக்கிறான். உண்மையான எண் அதே பக்கத்தின் அடியில் இருந்தது. அடிவரை படிக்கிற பொறுமை அவனுக்கு இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை. மீதிச் சோற்றை மிகவும் ருசித்துச் சாப்பிட்டேன்.

அன்றே மேடத்திடம் சொல்லியிருக்கலாம். தனியாக அவனிடமும் சொல்லியிருக்கலாம். ஆறு நாள் காத்திருந்தேன், எல்லோரும் கூடும் திங்கட்கிழமைக் கூட்டத்துக்காக. "தம்பி, 1200 என்பது எந்த மாஸ்டர்?" என்று கேட்டேன். "அது... பிரஷர் மாஸ்டரு அண்ணாத்தே." "தராசுக்கும் அதுதானா?" "எல்லாத்துக்கும் பொதுவா ஒண்ணு கீதே..." "எடுத்துக்கொண்டு வா, பார்ப்போம்." அவன் எழுந்து போய் அலமாரியைத் திறந்து ஒவ்வொரு பெட்டியாகப் புரட்டினான். நான் தடுக்கவில்லை. ஐந்து நிமிடம் ஆனபிறகு, அது எங்கள் ஊர் ஆண்டுக்கணக்கு என்று சொன்னேன். யாரோ சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை, அந்தச் சான்றிதழ்கள் எல்லாவற்றிலும் அவருடைய கையெழுத்தும் இருந்தது. பதிவுகளைத் திறந்து பார்த்துவிட்டு, "சரி, இவர் பேரு எங்க?" என்று அவனைக் கேட்டார். "ஒரு பேருதான் மேடம் அதுல ஏறும்." "அந்த ஒரு பேரு ஏன் எப்பவுமே உன் பேரு?" தேவராஜ் என்னைப் பார்த்தான். "இன்னா அண்ணாத்தே, நேரா எங்கிட்டயே கேட்டிருக்கலாமே" என்றான். "நீ நேராக எழுதியிருக்கலாமே, தம்பி" என்றேன்.

தெற்குப் பயணம் எனக்குத் திரும்பியது, டேப்லெட் வாங்கினால் என்ற நிபந்தனையோடு. பழைய சான்றிதழ்களைத் தேவராஜ் நேரில் போய் வாங்கி, திருத்தியதைக் கொடுத்து, கையெழுத்து வாங்கி வர வேண்டும் என்று உத்தரவானது. என் நோட்டுகளை வைத்து நான்தான் அவனுக்குப் பட்டியல் போட்டுத் தர வேண்டும். ஆவடிக் கம்பெனிகளை ஓரிடத்திலும் வானகரத்துக் கம்பெனிகளை ஓரிடத்திலும் சேர்த்து எழுதியிருந்தால் ஒரு வாரத்தில் முடித்திருப்பான். நான் தேதி வரிசையில் எழுதினேன். அந்த வரிசையிலேயே முடிக்க வேண்டும் என்று அடியில் ஒரு குறிப்பும் போட்டேன். அவன் படித்துப் பார்த்துவிட்டு, "அண்ணாத்தே, வானகரம் ஆறு தபா வருதே?" என்றான். "தேதிவாரியாக இருக்கிறது, தம்பி." "ஆவடிக்குப் போய்க்கினு, மறுபடி வானகரம் வந்துகினு, திரும்ப ஆவடியா?" "ஆமாம்." மூன்று வாரம் அலைந்தான், நான்கு நாள் மழையில். அந்த மழை நாட்களையும் எழுதி வைத்திருக்கிறேன். அவன் அலையத் தொடங்கிய வாரமே பூந்தமல்லிக் கடைக்குப் போய் டேப்லெட் வாங்கினேன். அவனுடையதைவிட ஓர் அங்குலம் பெரியது. வேலைக்கு அந்த அங்குலம் தேவையே இல்லை. காலையில் மேசையில் அதை அவன் பக்கமாகத் திருப்பி வைப்பேன்.

அக்டோபரில் தெற்கே போனேன். நாகர்கோவிலில் முதல் வேலை ஒரு மீன்வலைத் தொழிற்சாலையில். இரண்டு மணிக்குப் போய்விட்டேன். நாலு மணிக்கு ஸ்டெல்லாவின் பள்ளி வாசலில் நிற்பதாகச் சொல்லியிருந்தேன். தொழிற்சாலைக்குப் புதிதாக வந்திருந்த காவலர் என் பையையும் டேப்லெட்டையும் பார்த்தார். "எங்கேருந்தாக்கும் வாறீங்க?" என்று கேட்டார். என் வீடு இருக்கும் வெட்டூர்ணிமடம் என்று சொல்ல வாயெடுத்து, கம்பெனியைத்தான் கேட்கிறார் என்று தோன்றியதால், "அம்பத்தூர்" என்றேன். "கொஞ்சம் நில்லுங்க சார். உள்ள விளிச்சுக் கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றார். பதிவேட்டில் பெயரை மட்டும் எழுதிவிட்டு நின்றேன். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. உள்ளே யாரும் போனை எடுக்கவில்லை. பத்து நிமிடம், இருபது நிமிடம், நாற்பது நிமிடம். மணி மூன்றை நெருங்கியதும் எனக்குள் ஏதோ அறுந்தது. "இன்னா நைனா, எம்மா நேரம் நிக்க வெப்பே? பேஜாரா கீதுபா!" என்று கத்திவிட்டேன்.

குரல் தேவராஜுடையது. அந்த 'பா'வில் இருந்த இழுப்புக்கூட அவனுடையதுதான். என் வாயிலிருந்துதான் வந்தது, நான் பிறந்த ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மைல் தூரத்தில். காவலர் கோபப்படவில்லை. வெளியூர்க்காரனிடம் இப்படித்தான் பொறுமையாக இருக்க வேண்டும் என்பது போலத் தலையாட்டினார். பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, ஊர் என்ற கட்டத்தில் நான் வெறுமையாக விட்டிருந்த இடத்தில், எழுத்தெழுத்தாக 'மெட்ராஸ்' என்று எழுதினார். பிறகு அதை என் பக்கம் திருப்பி, எனக்குப் புரிய வேண்டுமே என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, "சார்... இங்க... ஒப்பு" என்று விரலை வைத்துக் காட்டினார். கையெழுத்துக்கு எங்கள் ஊர்ச் சொல் அது. ஒப்பிட்டேன். பக்கத்தில் தேதியும் மணியும் எழுதினேன். ஊர் கட்டத்தை நான் திருத்தவில்லை.